ஒட்டிப்போன இரண்டு தாள்கள்

இருபத்திரண்டு வருடமாக அவள் உட்காருவது அந்த முக்காலியில்தான். மேடையின் இடது ஓரம், கறுப்புத் திரைக்குப் பின்னால், பார்க்க வந்தவர்கள் கண்ணில் படாத இடம். மடியில் நோட்டு, கையில் சின்ன டார்ச், நான்கடி தள்ளி நடிகர்கள். வசனம் மறந்து விழிப்பவருக்கு அடுத்த வரியை எடுத்துக் கொடுப்பது அவள் வேலை. குழுவில் எல்லோரும் அவளை ஓரத்தம்மா என்று கூப்பிட்டார்கள். கூப்பிடுகிறவர்களில் பாதிப் பேருக்கு அவளுடைய சொந்தப் பெயர் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் அவர்களுக்கு வந்ததில்லை.

அவள் எடுத்துக் கொடுக்கும் வரிகளில் முக்கால்வாசி அவளுடைய கணவருக்குத்தான் போகும். நாடகத்தில் நீதிபதி வேடம் அவருக்கு. தெருவில்கூட அவரை ஜட்ஜய்யா என்றுதான் சொல்வார்கள். மனிதர் பெரிய நடிகர், அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. குரல் கடைசி வரிசைச் சுவரில் போய் மோதும். வசனத்தை மனப்பாடம் செய்யும் பழக்கம் மட்டும் கிடையாது. பெண்டாட்டி ஓரத்தில் இருக்கும்போது எதற்கு மண்டையை உடைத்துக்கொள்வது என்பார். வரி வராவிட்டால் சற்று நிறுத்தி, தலையை லேசாக இடப்பக்கம் சாய்ப்பார். ஜனங்கள் அதை ஆழ்ந்த யோசனை என்று எடுத்துக்கொள்வார்கள். அந்தத் தலைச்சாய்ப்பை ஒரு பத்திரிகை தனியாகப் பாராட்டி எழுதியது. அதை வெட்டி அலமாரிக் கதவில் ஒட்டிவைத்திருக்கிறார்.

வீட்டிலும் அதே கதைதான். கடைக்காரர் என்ன வேண்டும் என்று கேட்டாலும் சரி, மகள் போனில் எப்போது வருகிறீர்கள் என்று கேட்டாலும் சரி, அவர் தலை இடப்பக்கம் சாயும். பதில் அவளிடமிருந்து வர வேண்டும். வீட்டில் முப்பது வருடமும் மேடையில் இருபத்திரண்டு வருடமும் ஒருவருக்கு வாய் கொடுத்துக் கொடுத்து அவள் களைத்துப் போயிருந்தாள்.

இப்போது அவளைத் தூங்கவிடாமல் செய்வது வேறு ஒன்று. போன மாதம் ஜட்ஜய்யா ஒத்திகைக்கூடத்துப் படிக்கட்டில் மயங்கி உட்கார்ந்துவிட்டார். ரத்தக் குழாயில் மூன்று அடைப்பு, தாமதிக்காமல் ஆபரேஷன் செய்துவிட்டால் பயமில்லை என்று டாக்டர் சொன்னார். மகள் அலைந்து திரிந்து தேதி வாங்கினாள். அடுத்த வாரம் வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும்.

அவர் வரமாட்டேன் என்றார். அவருடைய அப்பா ஐம்பத்தெட்டு வயதில் போனார், அண்ணனும் ஐம்பத்தெட்டில் போனார், இவருக்கு ஐம்பத்தெட்டு முடிய இன்னும் ஒரு மாதம் இருந்தது. இதற்கு மேல் என்ன கணக்கு வேண்டும் என்பது அவர் கட்சி. அப்பா குடித்தே ஈரலைக் கெடுத்துக்கொண்டவர், அண்ணன் ஒரு நாளைக்கு மூன்று பெட்டி சிகரெட் ஊதியவர் என்று அவள் சொல்லிப் பார்த்தாள். குடிக்கணும்னும் ஊதணும்னும் அவங்க தலையில எழுதியிருந்தது என்று சொல்லிவிட்டார். மூக்குக் கண்ணாடியில் ஒரு பக்கம் விரிசல், மாற்றவில்லை. வலது ஷூவின் அடி பிளந்து நடக்கும்போது பட் பட்டென்று அடித்தது, அதையும் மாற்றவில்லை. ஒரு மாதத்துக்கு எதற்குப் புதுசு என்பார். அவர் இதைச் சோகமாகக்கூடச் சொல்வதில்லை, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மாதிரி சொல்வார். அவளுக்கு அதைக் கேட்டு அழுகை வந்த காலம் போய் வெறும் அசதிதான் வந்தது.

இந்தப் பேச்செல்லாம் அவருக்கு நாடகத்திலிருந்து ஒட்டிக்கொண்டது. நாடகம் இதுதான். நீதிபதிக்கு மகன் பிறந்த அன்று குறி சொல்பவள் ஒருத்தி வாசலில் வந்து நின்று, இந்தப் பிள்ளை உன் கையால் சாகும் என்று சொல்லிவிட்டுப் போகிறாள். நீதிபதி நம்பிவிடுகிறார். பிள்ளையைக் கண்காணாத இடத்தில் வளர்க்கக் கொடுத்து, அதன் பிறகு விசாரிக்காமலே இருக்கிறார். மகனைப் பற்றித் தப்பித்தவறித் தெரிந்துவிடக் கூடாதே என்ற பயத்தில், எதிரே நிற்கும் எந்தக் கைதியிடமும் பெயரைக் கேட்பதில்லை என்று ஒரு விரதம் வைத்துக்கொள்கிறார். கடைசியில் ஒரு இளைஞனைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். பெயரைக் கேட்காமல் தூக்குத் தண்டனை எழுதுகிறார். தூக்கு முடிந்த பிறகுதான் அது மகன் என்று தெரிகிறது. 'எழுதியது எழுதியதுதான்' என்று சொல்லிப் பேனாவை ஒடித்துப் போடுவார், திரை விழும். அந்த இடத்தில் அழாத கூட்டத்தை அவள் பார்த்ததில்லை. இத்தனைக்கும் மகனாக நடிப்பவருக்கு இப்போது நாற்பத்திரண்டு வயது, தலையில் பாதி சாயம், மீதி வழுக்கை.

திங்கட்கிழமை ஒத்திகையில்தான் டைரக்டர் அந்தப் பேச்சை எடுத்தார். டைரக்டர் சின்ன வயசுப் பெண், குழுவை நடத்த வந்து ஒரு வருடம்தான் ஆகிறது, எதையும் ஏன் என்று கேட்காமல் விடாதவர். மூன்றாம் காட்சியில் தனக்கு ஏதோ இடறுகிறது என்றார். நீதிபதி தோட்டத்தில் தனியாக நிற்கிறார், மனசு இளகியிருக்கிறது, மகனைத் தேடலாமா என்றுகூட நினைக்கிறார். அடுத்த வரியிலேயே கல்லாகிவிடுகிறார். நடுவில் என்ன நடந்தது? ஜட்ஜய்யா சிரித்தார். "விதிம்மா. அது வந்து நின்னா மனுஷன் மாறிடுவான். இதுல ஏன் என்ன?" என்றார். டைரக்டர் திருப்திப்படாமல், அந்த இடத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

முக்காலியில் ஓரத்தம்மா டார்ச்சை அணைத்தாள். அந்தப் பள்ளத்தில் என்ன இருந்தது என்று உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

நாடகத்தை எழுதியவர் கையெழுத்துப் பிரதியைக் கொடுத்துவிட்டு, ஒத்திகை தொடங்கும் முன்பே இறந்துபோனார். அதைப் படியெடுக்கும் வேலை அவளுக்கு வந்தது. மகளுக்கு அப்போது மூன்று வயது, விடாத இருமல். மேசையில் இருந்த இருமல் மருந்தைக் குழந்தை தட்டிவிட, பிரதியின் நடுவில் பாதி பாட்டில் கொட்டியது. துடைத்து, வெயிலில் காயவைத்து, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே எழுதி முடித்தாள். அந்த மருந்து சர்க்கரைப் பாகு மாதிரி. இரண்டு தாள்கள் ஒன்றாக ஒட்டி ஒரே தாளாகிவிட்டதை அவள் கவனிக்கவில்லை. எழுதியவர் பக்க எண் போடுகிற ஆசாமியும் இல்லை. ஒட்டிய தாள்களின் முன்பக்கக் கடைசி வரியும் பின்பக்க முதல் வரியும் சொல்லிவைத்தாற்போல் பொருந்திவிட்டன. உள்ளே இரண்டு பக்கம் மூடிக்கொண்டது.

நாடகம் தொடங்கிய மூன்றாவது வருடம் ஒரு மழைக்காலத்தில் ஈரம் பட்டுத் தாள்கள் தாமாகவே பிரிந்தன. அவள் படித்துப் பார்த்தாள். தோட்டத்தில் நிற்கும் நீதிபதியிடம் அந்தக் குறி சொல்பவளே திரும்பி வருகிறாள். வயதாகிவிட்டது, மனசு உறுத்துகிறது, அன்று சொன்னது பொய், பசிக்காகச் சொன்னேன் என்கிறாள். நீதிபதி கேட்கிறார். கேட்டும் நம்ப மறுக்கிறார். எழுதியவர் எழுதிய நாடகம் அதுதான். பொய் என்று சொன்னவளே சொன்ன பிறகும் அந்தப் பொய்யைக் கட்டிக்கொண்டு மகனைக் கொன்ற ஒரு மனிதரின் கதை. அவள் கைத்தப்பில் அது விதியின் கதையாகிவிட்டது.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அதற்குள் நாடகம் ஓடிக்கொண்டிருந்தது, ஜனங்கள் அழுதுகொண்டிருந்தார்கள், ஓரத்தம்மா ஒரு எழுத்துப் பிசகமாட்டாள் என்ற பெயரும் வந்துவிட்டது. அவளிடம் இருந்த ஒரே பெருமை அது. இரண்டு தாள்களையும் மடித்துத் துணிப்பெட்டியின் அடியில் வைத்தவள், பத்தொன்பது வருடம் மூச்சு விடவில்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம், அவர் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, அந்தத் தாள்களைக் கொண்டுவந்து சமையலறை மேசையில் வைத்தாள். பழுப்பேறி, ஓரத்தில் மருந்துக் கறையோடு இருந்தன. நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். அவர் விரிசல் கண்ணாடியைச் சரித்துப் பிடித்துக்கொண்டு படித்தார். இரண்டாவது தடவையும் படித்தார். டீ ஆறி ஆடை படர்ந்தது.

"நீங்க இத்தனை வருஷமா விதி விதின்னு சொன்னது என் கைத்தப்புங்க. எழுதினவர் அப்படி எழுதல. நம்பி நம்பியே ஒரு ஆளு மகனைக் கொன்னுட்டான்னுதான் எழுதியிருக்காரு."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "ரெண்டு தாளையும் சேத்துப் புரட்டணும்னு உன் கையில இருந்திருக்கு. புரட்டின. அதுவும் எழுதினதுதான்."

அவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது. எதைக் கொண்டுவந்து கொடுத்தாலும் இந்த மனிதர் அதே பைக்குள் போட்டுக்கொள்வார். பத்தொன்பது வருடம் பொத்திவைத்த மானத்தை மேசையில் வைத்துவிட்டாள், அதுவும் பைக்குள் போய்விட்டது. அடுத்த வியாழக்கிழமை என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டாள். பார்க்கலாம் என்றார். பார்க்கலாம் என்றால் இல்லை என்று அர்த்தம், அது தெரியாமலா இத்தனை வருடம் குடித்தனம் நடத்தினாள்.

ஆனால் அவர் தாள்களைக் கீழே வைக்கவில்லை. உதடு அசைந்தது. நீதிபதி அந்தக் கிழவிக்குச் சொல்லும் பதிலை முதலில் மெதுவாகவும் பிறகு முழுக் குரலிலும் சொல்லிப் பார்த்தார். அலமாரியில் டம்ளர் அதிர்ந்தது. "என்ன வசனம்மா இது. இதைப் போய் என்கிட்ட மறைச்சியே" என்றார். அவருடைய கோபமெல்லாம் அதற்குத்தான். ஒரு மாதத்தில் சாகப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்த ஆள், நல்ல வசனம் ஒன்று கைக்கு வந்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு, ஷூ பட் பட்டென்று அடிக்க, டைரக்டரைப் பார்க்கக் கிளம்பிவிட்டார்.

டைரக்டர் தாள்களைப் படித்தார். பின்னாலேயே போன ஓரத்தம்மாவைத் திட்டவில்லை. "இருபத்திரண்டு வருஷம்" என்று மட்டும் ஒரு தடவை சொன்னார். திட்டியிருந்தால் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானக் காட்சியில் அந்த இரண்டு பக்கத்தையும் சேர்த்துவிடலாம் என்று முடிவானது. குறி சொல்பவளாக நடிப்பவர் டிக்கெட்டக்கா. முதல் காட்சி முடிந்ததும் மேக்கப்பைக் கழுவிவிட்டு டிக்கெட் ஜன்னலைப் பூட்டி வீட்டுக்குப் போய்விடுகிறவர். இனி மூன்றாம் காட்சி வரை இருக்க வேண்டுமா என்று முணுமுணுத்தார். கிழவிக்கு மேக்கப் எப்படி என்று கேட்டதற்கு, இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் வேண்டியிருக்கும், இப்போது முகத்தைக் கழுவினாலே போதும் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அரங்கம் நிறைந்திருந்தது. மூன்றாம் காட்சி வந்தது. டிக்கெட்டக்கா கழுவிய முகத்தோடு உள்ளே வந்து, பசிக்காகச் சொன்னேன் ஐயா, வாசலில் நிற்கிற எல்லோரிடமும் அதைத்தான் சொல்வேன், உங்கள் பிள்ளையைப் போய்த் தேடுங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டார். ஜட்ஜய்யாவின் தலை இடப்பக்கம் சாய்ந்தது. ஓரத்தம்மா வரியை எடுத்துக் கொடுத்தாள்.

"நீ பொய் சொல்லியிருக்கலாம்" என்றார் அவர். "நீ சொன்னது பொய்யாகாது."

பிரமாதமாகச் சொன்னார், அதில் குறை இல்லை. ஆனால் கூட்டத்திலிருந்து வந்த சத்தம் அவள் இதுவரை கேட்காதது. மூக்குறிஞ்சல் இல்லை. நாற்காலிகள் கிறீச்சிட்டன. யாரோ 'அடப்பாவி' என்றது தெளிவாகக் கேட்டது.

நீதிமன்றக் காட்சியில் கைதியைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். நீதிபதி பேனாவை எடுத்தார். மூன்றாவது வரிசையில் ஒரு பெண் எழுந்திருக்காமலே, வீட்டில் யாரிடமோ பேசுவதைப் போல, "பேரைக் கேளுங்களேன்" என்றார். பக்கத்தில் ஒருவர் ஆமாம் என்றார். பின்னாலிருந்து இன்னொரு குரல், "ஒரு வார்த்தை கேட்டா என்னய்யா?" என்றது.

ஜட்ஜய்யாவின் பேனா அப்படியே நின்றது. அந்த இடத்து வசனம் ஒன்றுதான் அவருக்கு மனப்பாடம், அங்கே அவர் ஓரத்தைப் பார்த்ததே கிடையாது. இன்று தலை இடப்பக்கம் சாய்ந்தது. சாய்ந்த முகத்தில் நடிப்பு இல்லை என்பது நான்கடி தூரத்தில் அவளுக்குத் தெரிந்தது. அவள் நோட்டைப் பார்த்தாள். நோட்டில் இருந்ததை எடுத்துக் கொடுத்தாள். "கைதி பேச வேண்டியதில்லை" என்று அவர் சொல்லி, தண்டனையை எழுதினார். கடைசியில் பேனாவை ஒடித்து, எழுதியது எழுதியதுதான் என்றபோது யாரோ சிரித்தார்கள். திரை விழுந்தது. ஒருவரும் அழவில்லை. ஜனங்கள் உரக்க வாதாடிக்கொண்டே வெளியே போனார்கள்.

மேக்கப் அறையில் அவர் அங்கியைக்கூடக் கழற்றாமல் கண்ணாடி முன் உட்கார்ந்திருந்தார். அவள் பஞ்சை எண்ணெயில் நனைத்துக் கொடுத்தாள். வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"யாருமே அழல."

"ம்."

"கோவமா இருந்தாங்க. எழுதினவர் மேலயா?"

"உங்க மேல."

அவர் கொஞ்ச நேரம் பஞ்சைப் பிசைந்தார். "அந்தம்மா கேக்கச் சொன்னப்ப உன்னைப் பாத்தேன். நீ பழையதையே குடுத்த."

"எழுதியிருந்ததைத்தானே நான் குடுக்க முடியும்" என்றாள் அவள். "எனக்கு முடியலங்க. இனிமே உங்களுக்குப் பதிலா நான் யாருக்கும் பதில் சொல்றதா இல்ல."

சண்டையாகச் சொல்லவில்லை. மூட்டையை இறக்கிவைக்கிறவள் சொல்வது மாதிரி சொன்னாள். சொன்ன பிறகு பயமாகவும் இருந்தது. ஏனென்றால் அவள் வாய் திறக்காவிட்டால் இந்த மனிதர் வியாழக்கிழமையைச் சும்மா உட்கார்ந்தே கடத்திவிடுவார், அதற்குப் பிறகு அவள் யாரை நொந்துகொள்வது?

திங்களும் செவ்வாயும் மகள் போன் செய்தாள், அவர் எடுக்கவில்லை, அவளும் எடுத்துக் கொடுக்கவில்லை. மணி அடித்து ஓய்ந்தது. புதன்கிழமை அவர் அந்த இரண்டு தாள்களையும் ஜன்னலோரம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரே ஒரு தடவை, அப்பாவை யாராவது டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார்களா என்று கேட்டார். அவளுக்குத் தெரிந்து இல்லை. இல்லை என்று சொல்லப் போனவள் வாயை மூடிக்கொண்டாள். அது அவருக்கே தெரியும்.

வியாழக்கிழமை அவள் எழுந்து வந்தபோது அவர் முன்னறையில் ஷூவை மாட்டிக்கொண்டிருந்தார். வலது ஷூவைச் சுற்றி ஒரு ரப்பர் பேண்ட் போட்டிருந்தார். எங்கே என்று அவள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இரண்டு பேரும் பஸ்ஸில் ஏறினார்கள். ஆஸ்பத்திரி நிறுத்தம் வந்தபோது அவர் எழுவாரா என்று பார்த்தபடி அவள் உட்கார்ந்தே இருந்தாள். பஸ் கிளம்பப் போகிற நேரத்தில் எழுந்தார்.

பதிவு ஜன்னலில் நீளமான வரிசை. முறை வந்தபோது உள்ளே இருந்த பெண் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "பேர்?" என்றார்.

அவர் தலை இடப்பக்கம் சாய்ந்தது. அவள் பழக்கதோஷத்தில் அங்கேதான் நின்றிருந்தாள். ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துபோகும். அந்த வார்த்தை நாக்கு நுனியில் இருந்தது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு எதிர்ச்சுவரில் தொங்கிய கடிகாரத்தைப் பார்த்தாள். முள் நகர்ந்தது. பின்னால் நின்றவர் தொண்டையைச் செருமினார்.

"சார், உங்களைத்தான். பேரு?"

அவர் தன் பெயரைச் சொன்னார். மேடைக் குரலில் இல்லை, ஜன்னலுக்கு மட்டும் கேட்கும் சின்னக் குரலில். கல்யாணப் பதிவில் கையெழுத்துப் போட்ட அன்று சொன்னது, அதற்குப் பிறகு அந்தப் பெயரை அவர் வாயால் அவள் கேட்கவே இல்லை. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வயசு?"

இந்தத் தடவை அவர் தலை சாயவில்லை. "ஐம்பத்தெட்டு" என்றார். ஒரு மூச்சு நிறுத்தினார். "வர்ற மாசம் ஐம்பத்தொம்பது."

இப்போதைய வயது மட்டும் போதும் என்று சொல்லி அந்தப் பெண் ஐம்பத்தெட்டு என்று எழுதிவிட்டு, அடுத்த கட்டத்துக்குப் பேனாவை நகர்த்தினார்.

"இல்லம்மா" என்றார் அவர், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு. "அதையும் எழுதிக்கோங்க."